சுவரில் உள்ள பைப்பை நானே மாற்றலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு வீட்டுத்திட்ட வீடு. குசினிச் சுவரில் இருக்கும் பைப் எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் சொட்டுகிறது. பிளம்பரைக் கேட்டால் "நாளைக்கு வாறன்" என்று மாதக்கணக்கில் இழுக்கிறார். புதுப் பைப் ஒன்று வாங்கி வைத்தாயிற்று, நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "கழற்றினால் சுவருக்குள்ளே உடைந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணை சொல்கிறார்" என்று ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். பைப்பை எந்தப் பக்கம் திருகுவது என்பது உங்களுக்கே தெரியும். சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது தாங்குமா, தாங்காது என்றால் அதை முன்கூட்டியே எப்படி அறிவது என்பதுதான் தெரியவேண்டியது.

அந்த அண்ணை சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. நான் இந்த வேலையை யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய பாஸிடம் எடுபிடியாக நின்று பழகி, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா வடக்கு என்று வன்னிக்குள்தான் கூடுதலாகச் செய்திருக்கிறேன். பைப் மாற்றப்போய் சுவரை உடைத்த கதைகள் நிறையப் பார்த்தாயிற்று. அவற்றில் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக் கூடியவை. உங்கள் சுவரை நான் பார்க்கவில்லை, ஆகவே கீழே சொல்வதில் எது எல்லா வீட்டுக்கும் பொருந்தும், எதை நீங்கள்தான் தட்டிப் பார்த்து முடிவுசெய்யவேண்டும் என்பதைப் பிரித்தே சொல்கிறேன். குழப்பம் வராமல் இருக்க, தண்ணீர் விழும் வாயைப் பைப் என்றும் சுவருக்குள் ஓடுவதைக் குழாய் என்றும் எழுதுகிறேன்.

முதலில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். போருக்குப் பிறகு கட்டிய வீடுகளில் பெரும்பாலும் 20 மில்லிமீற்றர் பிவிசி குழாய்தான் போட்டிருப்பார்கள், கடையில் அரை இஞ்சிக் குழாய் என்று கேட்டு வாங்குவது அதைத்தான். அது சுவர் வழியே வந்து, பைப் நிற்கும் இடத்தில் ஒரு போசெட் எல்போவில் (வளைந்த இணைப்புத் துண்டு) முடியும். எல்போவின் ஒரு வாயில் குழாயைக் கம் பூசி ஒட்டியிருப்பார்கள். மற்ற வாயில் உட்புறம் புரி இருக்கும், பைப்பின் வால் அதற்குள் திருகி ஏறும். வெளியே தெரியும் வட்டத் தகடு அந்த வாயை மறைப்பதற்கு மட்டும்தான். நீங்கள் பைப்பைத் திருகும்போது அந்த விசை பைப்போடு நிற்காது. எல்போவுக்குப் போகும், எல்போ அசைந்தால் கம் ஒட்டிய இடத்துக்கும் குழாய்க்கும் போகும். எல்போவைச் சுற்றி மேசன் நல்ல சீமெந்து இறுக்கிப் பூசியிருந்தால் அது அசையாது, பைப் மட்டும் கழன்று வரும். ஓட்டையை அடைக்கக் கொஞ்சம் சாந்தை அப்பிவிட்டுப் போயிருந்தால் எல்போவும் சேர்ந்து சுழலும். உடைவது அங்கேதான்.

இன்னொரு காரணமும் உண்டு. முதலில் மாட்டியவர் பெரிய பைப் ரென்ச்சால் மூச்சுப்பிடித்து இறுக்கியிருந்தால், பித்தளை வால் பிளாஸ்டிக் வாயை வருடக்கணக்கில் உள்ளிருந்து விரித்தபடியே இருந்திருக்கும். அப்படிப்பட்ட எல்போவில் மயிரிழை வெடிப்பு ஏற்கெனவே இருக்கும், பைப் அதற்குள் இருக்கும் வரைக்கும் வெளியே தெரியாது. புதுசை மாட்டிய அன்று "நான்தான் உடைத்துவிட்டேன்" என்று நினைப்பார்கள். உடைந்தது எப்போதோ. சில எல்போக்களில் புரி இருக்கும் இடத்தில் மட்டும் பித்தளை வளையம் பதித்திருக்கும். உங்களுடையது அந்த வகை என்றால் பாதிக் கவலை குறைந்தது, ஆனால் பைப்பைக் கழற்றிய பிறகுதான் அது தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைக் கேட்கிறேன். பைப்பை மாற்றத்தான் வேண்டுமா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வடிவாகப் பாருங்கள். பூட்டிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் உள்ளே இருக்கும் வோஷர் தேய்ந்திருக்கும், அல்லது கால் சுற்றில் திறக்கும் வகை என்றால் அதன் காட்ரிஜ் (உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்) போயிருக்கும். திறந்திருக்கும்போது மட்டும் கைபிடியின் கீழே கசிந்தால் தண்டைச் சுற்றியிருக்கும் பக்கிங் அல்லது ஓ-ரிங் போயிருக்கும். இந்த இரண்டுக்கும் சுவர்ப்பக்கம் கைவைக்கவே தேவையில்லை. பைப்பின் உடலை அப்படியே விட்டுவிட்டு மேல்பாகத்தை மட்டும் கழற்றினால் போதும். வட்டத் தகட்டுக்குப் பின்னாலிருந்து கசிந்தால்தான் புரியிலோ எல்போவிலோ பிழை. பைப்புக்குத் தள்ளி, சுவரில் பெயின்ற் பொங்கி ஈரம் தெரிந்தால் அது குழாய், புதுப் பைப் மாட்டி அது தீராது. நீங்கள் எழுதியபடி உங்களுடையது வாயிலிருந்து சொட்டுகிறது. ஆகவே முதலில் வோஷரை மாற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன், புதுப் பைப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

வோஷர் மாற்றுவது சின்ன வேலை. தண்ணீரை நிறுத்திவிட்டு (அதை எப்படி என்று பிறகு சொல்கிறேன்), கைபிடியின் ஸ்குரூவைக் கழற்றி, அதன் கீழே இருக்கும் ஆறு பக்க நட்டை ஸ்பனரால் பிடித்துத் திருகினால் தண்டு முழுதாக வெளியே வரும். திருகும்போது பைப்பின் உடலை மறுகையால், அல்லது இன்னொரு ஸ்பனரால், அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த விசையும் சுவருக்குத்தான் போகும். தண்டின் நுனியில் கறுப்பு ரப்பர் வட்டம் இருக்கும், நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அதுதான் குற்றவாளி. பழையதைக் கையில் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். காட்ரிஜ் வகை என்றால் கட்டாயம் கொண்டுபோகவேண்டும், ஏனென்றால் கைபிடி ஏறும் பல்லின் எண்ணிக்கையே 20, 24 என்று மாறும், உயரமும் மாறும். தண்டு கழன்றிருக்கும்போது உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். வோஷர் உட்காரும் பித்தளை விளிம்பு வழவழப்பாக இருக்கவேண்டும். அது அரிபட்டுப் பள்ளம் விழுந்திருந்தால் புது வோஷரும் சில கிழமையில் அரிபடும். அப்போதுதான் முழுப் பைப்பையும் மாற்றுவது நியாயம்.

வன்னியில் இந்த விளிம்பும் வோஷரும் சீக்கிரம் போவதற்கு எங்கள் தண்ணீரும் காரணம். புத்தளத்திலிருந்து மன்னார், முருங்கன் பக்கமாக வந்து முல்லைத்தீவு வரை ஒரு கோடு இழுத்தால், அதற்கு வடமேற்கே கீழே சுண்ணாம்புக்கல். அதற்குத் தெற்கே, வவுனியாப் பக்கம், கருங்கல் பாறை. இரண்டு பக்கத்திலும் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். அதே வெள்ளை பைப்புக்குள்ளும் படிகிறது. வோஷருக்கும் விளிம்புக்கும் நடுவில் படிந்த துணுக்கை நசுக்கிப் பூட்டப் பூட்ட ரப்பர் வெட்டுப்படும். பூட்டு விழவில்லை என்று நாம் இன்னும் இறுக்குவோம், வெட்டு இன்னும் ஆழமாகும். படிவு மட்டும்தான் பிரச்சினை என்றால் கழற்றிய பாகங்களை ஒரு மணித்தியாலம் வினாகிரியில் போட்டு வைத்தால் கரைந்துவிடும். தேசிக்காய்ப் புளியும் செய்யும். தரை கழுவும் அசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள், அது படிவோடு சேர்த்துப் பூச்சையும் பித்தளையையும் தின்னும்.

சொட்டுவது பெரிய விஷயமா என்று தெரிய ஆசைப்பட்டால், அடியில் ஒரு அளவுக் கோப்பையைப் 10 நிமிடம் வையுங்கள். சேர்ந்ததை 144ஆல் பெருக்கினால் ஒரு நாளின் கணக்கு. 50 மில்லிலீற்றர் சேர்ந்தால் நாளொன்றுக்கு 7.2 லீற்றர். மாரியில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆவணியில் கிணறு அடிதட்டும்போது மோட்டருக்குப் போகும் கரண்டையும் சேர்த்து யோசித்தால் கதை வேறு.

சரி, விளிம்பு அரிபட்டுவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாங்கி வைத்த பைப்பைப் பெட்டியிலிருந்து எடுங்கள். வாலின் புரியை அடிமட்டத்தால் அளந்தால் குறுக்கே ஏறக்குறைய 21 மில்லிமீற்றர் வரவேண்டும். அரை இஞ்சி என்றால் 12.7 தானே என்று குழம்பவேண்டாம். அரை இஞ்சி என்பது குழாய்ப் புரியின் பெயர், வெளிக்குறுக்களவு 20.955. கிட்டத்தட்ட 26 வந்தால் அது முக்கால் இஞ்சி, உங்கள் எல்போவுக்கு ஏறாது. பிறகு வாலின் உட்புறத்தைப் பாருங்கள், குரோம் பூச்சு அங்கே சரியாகப் படிந்திருக்காது. மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சாம்பலாக இருந்தால் துத்தநாகக் கலவை, கையில் எடுத்தாலும் பாரம் குறைவாக இருக்கும். அது புரியிலேயே முறிந்து பாதி சுவருக்குள் நின்றுவிடும் சாமான். கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் வேறு. உப்புக் காற்றில் மலிவான குரோம் பொரிந்துவிடும், உவர்த் தண்ணீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பு நிறமாக்கி உடையவைக்கும். அங்கே நல்ல பிளாஸ்டிக் பைப்பே கூடுதல் காலம் நிற்கும், பிளாஸ்டிக் எல்போவோடும் ஒத்துப்போகும்.

பைப்பின் அழகைப் பார்த்து வாங்கியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் வீட்டில் தண்ணீர் தாங்கியிலிருந்துதான் வருகிறது. 10 மீற்றர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். 12 அடி ஸ்ராண்டில் நிற்கும் தாங்கிக்கும் குசினிப் பைப்புக்கும் இடையே இருப்பது சுமார் 3 மீற்றர், ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 0.3 பார் அளவு. வெளிநாட்டு மிக்சர் பைப் பலவற்றின் பெட்டியில் குறைந்தது 0.5 அல்லது 1 பார் வேண்டும் என்று போட்டிருக்கும். அதை இங்கே மாட்டினால் தண்ணீர் நூலாகத்தான் விழும், பிளம்பரைப் பேசிப் பிரயோசனமில்லை. வாயில் வலை வைத்த ஏரேட்டர் இருந்தால் அதுவும் ஓட்டத்தைக் குறைக்கும், கிணற்று மணலும் அதில் அடைபடும். தாங்கித் தண்ணீருக்குச் சாதாரணப் பித்தளைப் பைப்தான் நல்லது. கால் சுற்று செராமிக் வகை பூட்ட இலகு, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதுதான் வசதி. ஆனால் ஒரு மணல் துகள் அதற்குள் இருக்கும் செராமிக் தட்டுகளுக்கிடையே போனால் கீறல் விழுந்து அன்றே சொட்டத் தொடங்கலாம்.

இனித் தண்ணீரை நிறுத்துவது. மோட்டரின் சுவிட்சைப் போட்டுவிடாதபடி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். தாங்கியின் அடியில் வெளியேறும் குழாயில் ஒரு வால்வ் இருக்கும். நெம்புகோல் பிடி வைத்த போல் (பந்து) வால்வ் என்றால் கால் சுற்றுத் திருப்பினால் வேலை முடிந்தது. வட்டப்பிடி வைத்த கேற் வால்வ் என்றால் கவனம். வருடக்கணக்கில் தொடாமல் விட்டது இறுகியிருக்கும், பலவந்தப்படுத்தினால் பிடி சுழலும், உள்ளே இருக்கும் தகடு இறங்காது. அப்படி என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் தாங்கி முடியும் வரை தண்ணீரைப் பாவித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அல்லது தாங்கிக்குள் கைவிட்டு வெளியேறும் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைக்கலாம், நாங்களே செய்வதுதான். அதற்குத் தாங்கியின்மேல் ஏறவேண்டும். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். பிறகு வீட்டிலேயே பதிவாக, அதாவது ஆகக் கீழே, இருக்கும் பைப்பைத் திறந்துவிட்டுக் குழாயில் நிற்கும் தண்ணீர் வடியட்டும்.

நீர் வழங்கல் சபையின் தண்ணீர் வந்த வீடு என்றால் மீற்றருக்குப் பிறகு வீட்டுப்பக்கம் இருக்கும் வால்வைப் பூட்டினால் போதும். மீற்றருக்கும் வீதிக்கும் நடுவில் இருப்பது சபையின் பொறுப்பு, அங்கே பிழை என்றால் அவர்களுக்கு அறிவியுங்கள், தொடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரும் சபைத் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்த்திருந்தால் இரண்டையும் பூட்டவேண்டும். இதை மறந்துவிட்டுக் குசினி நனைந்து நின்றவர்கள் உண்டு.

சாமான் அதிகம் வேண்டாம். அட்ஜஸ்டபிள் ஸ்பனர் ஒன்று, முடிந்தால் இரண்டு, த்ரெட் ரேப் ஒரு சுருள், பழைய பல்துலக்கி, டோர்ச், வாளி, துணி. இவற்றோடு அரை இஞ்சி எண்ட் பிளக் ஒன்றும் வாங்குங்கள், சின்னக் காசுதான். புதுப் பைப் ஏறவில்லை, ஏதோ சரிவரவில்லை என்றால் அந்தப் பிளக்கைத் திருகி வாயை அடைத்துவிட்டு வீட்டின் மற்றப் பைப்புகளுக்குத் தண்ணீரைத் திறந்துவிடலாம். வேலையைக் கிழமை நாளில் காலையில் தொடங்குங்கள். ஞாயிறு பின்னேரம் எல்போ உடைந்தால் எந்தக் கடையைத் தேடுவது?

கழற்றுவதில்தான் அவசரம் கூடாது. வட்டத் தகட்டை முன்னுக்கு இழுத்து அல்லது திருகி விலக்கி, பின்னால் டோர்ச் அடியுங்கள். எல்போவின் வாயைச் சுற்றிச் சீமெந்து நெருக்கமாக இருக்கிறதா, வெற்றிடமா? ஸ்பனரின் பிடியால் சுற்றிவர மெதுவாகத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் என்றால் நல்லது, பொள்ளல் சத்தம் என்றால் எல்போ தொங்கிக்கொண்டு நிற்கிறது. பைப்பைக் கையால் மேலும் கீழும் லேசாக ஆட்டிப் பாருங்கள். சுவரோடு சேர்ந்து அசையாமல் நின்றால் தொடரலாம். ஆடினால், எல்போவின் விளிம்பு வெளியே தெரியும் இடத்தை இரண்டாவது ஸ்பனரால் துணி வைத்துப் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். பிடிக்க இடமில்லை, ஆடவும் செய்கிறது என்றால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், அந்த வேலை பிளம்பருக்குரியது.

திருகும்போது பைப்பின் வளைந்த மூக்கைப் பிடித்து நெம்பவேண்டாம். எல்லோரும் செய்வது அதுதான், எல்போ உடைவதும் அதனால்தான். மூக்கு நெம்புகோல் மாதிரி நீண்டிருப்பதால் எவ்வளவு விசை போகிறது என்று கைக்குத் தெரியாது, பக்கவாட்டிலும் இழுக்கும். சுவருக்குக் கிட்ட பைப்பின் உடலில் தட்டையான பக்கங்கள் இருக்கும், ஸ்பனரை அங்கே இறுக்கமாகப் பொருத்துங்கள். பைப்புக்கு நேரே நின்று பார்க்கும்போது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுழலவேண்டும். ஸ்பனரின் பிடி இடப்பக்கம் நீட்டி நிற்க, கீழ்நோக்கி அழுத்தினால் சரியாக அந்தப் பக்கம் போகும், உடம்புப் பாரமும் கட்டுப்பாட்டில் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். குத்துக் குத்தாக இழுக்காதீர்கள். இரும்புக் குழாய் வேலைசெய்தவர்கள் முதலில் ஒரு நூல் அளவு இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்தச் சொல்வார்கள், துரு விடும் என்று. இரும்புக்கு அது சரி. பிவிசிக்கு அதைச் செய்யவேண்டாம், ஏற்கெனவே விரிந்து நிற்கும் வாயை இன்னும் விரிப்பதாகிவிடும். வாயைச் சுற்றி வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் முதல்நாள் இரவு வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி விடுங்கள். வெளிப்படிவு இளகும், புரிக்குள் ஆழமாகப் போகும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

பைப் மட்டும் சுழன்று, எல்போவின் விளிம்பு அப்படியே நின்றால் எல்லாம் சரி, முதல் அரைச் சுற்றுக்குப் பிறகு கையாலேயே வரும். விளிம்பும் சேர்ந்து சுழன்றாலோ, சாந்து உதிர்ந்தாலோ, "டக்" என்று ஒரு சத்தம் கேட்டாலோ நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் திருகினால் வந்துவிடும் என்ற ஆசை வரும். அந்த நிலையில் பைப்பை அப்படியே விட்டுத் தண்ணீரைத் திறந்து பாருங்கள், கசியாவிட்டால் பிளம்பர் வரும்வரை சமாளிக்கலாம். தொடர்ந்து திருகினால் சுவரை வெட்டி, குழாயை அறுத்து, புது எல்போ ஒட்டவேண்டி வரும். அதுவும் உலகம் முடிகிற விஷயம் இல்லை, ஆனால் முதல் தடவை செய்பவர் குசினிச் சுவரில் பழகவேண்டிய வேலை அது இல்லை. பழைய இரும்புக் குழாய் இருக்கும் வீடுகள், உதாரணமாக வவுனியா நகரில் இன்னும் சில உண்டு, அவற்றையும் விட்டுவிடுங்கள். துருப்பிடித்த துண்டு எங்கே முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பழையது வந்துவிட்டதா, எல்போவின் உட்புரியில் ஒட்டியிருக்கும் பழைய ரேப்பையும் படிவையும் பல்துலக்கியால் எடுத்துவிட்டு டோர்ச் அடித்து வெடிப்புத் தேடுங்கள். பிறகு வாளியைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை வால்வைக் கொஞ்சம் திறக்கச் சொல்லி, ஒரு நிமிடம் தண்ணீரை வெறும் வாயால் ஓடவிடுங்கள். குழாயில் தங்கிய மணலும் துணுக்கும் போகட்டும். செராமிக் வகை மாட்டுகிறீர்கள் என்றால் இதைத் தவறவே விடாதீர்கள். பிறகு ரேப் சுற்றாமல் புதுப் பைப்பைக் கையால் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். இலகுவாக ஏறவேண்டும், எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு சுற்றிலேயே சிக்கினால் புரி கோணலாக விழுகிறது, எடுத்துவிட்டு நேராக வைத்துத் திரும்பத் தொடங்குங்கள். பின்னால் டைல்ஸ் ஒட்டிய சுவர் என்றால் எல்போ உள்ளே அமிழ்ந்து, வால் எட்டாமல் போகலாம். அதற்கு எக்ஸ்டென்ஷன் துண்டு விற்கிறார்கள். எட்டாத வாலை இரண்டு புரியில் தொங்கவிட்டு ரேப்பால் சமாளிக்கப் பார்க்கவேண்டாம்.

ரேப்பைச் சுற்றும்போது வாலின் நுனி உங்களைப் பார்க்கப் பிடித்து, மணிக்கூட்டு முள் சுழலும் பக்கம் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் பைப்பைத் திருகும்போதே ரேப் அவிழ்ந்து சுருண்டு வெளியே வரும். நுனியில் முதல் புரியை வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் துண்டு பிய்ந்து தண்ணீரோடு போய் வாயை அடைக்கும். எத்தனை சுற்று என்பதில் பிளம்பர்மாரே ஒத்துப்போகமாட்டார்கள், ரேப்பின் தடிப்பும் கம்பனிக்குக் கம்பனி வேறு. எங்கள் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ரேப் என்றால் பத்துச் சுற்றளவு நான் சுற்றுவேன், தடித்தது என்றால் ஐந்தாறு. கையால் திருகும்போது, வெறும் பைப் போன தூரத்துக்கு இரண்டு சுற்று முன்னாலேயே இறுக்கம் தெரியத் தொடங்கவேண்டும். அதுதான் அளவு. இருபது இருபத்தைந்து சுற்று என்று தடிப்பாகச் சுற்றினால் கசியாது என்று நம்புகிறவர்கள் உண்டு, பிளாஸ்டிக் வாயை வெடிக்கவைப்பதும் அதுதான். சணல் நாரும் பெயின்றும் இரும்புக்குரியவை, பிளாஸ்டிக்குக்கு வேண்டாம். புரியில் பிவிசி கம் பூசுவதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள், அடுத்த தடவை அதைக் கழற்ற ஒரே வழி சுவரை உடைப்பதுதான்.

வட்டத் தகட்டை முதலில் வாலில் கோர்த்துக்கொண்டு, கையால் முடிந்தவரை ஏற்றி, பிறகு ஸ்பனரால் ஒரு சுற்று, கூடினால் ஒன்றரை. மூக்கு நேரே கீழே பார்க்கும் இடத்தில் நிற்கவேண்டும். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் திருப்பிக் கொண்டுவரலாமே என்று தோன்றும். கூடாது. ரேப் சுற்றிய புரியைப் பின்னோக்கித் திருப்பினால் அதன் பிடி விட்டுப்போய்க் கசியும். முழுவதும் கழற்றி, ரேப்பை எடுத்துவிட்டு, ஒரு சுற்றுக் கூட்டியோ குறைத்தோ திரும்பச் சுற்றுங்கள். இந்த விஷயத்தில் பொறுமை இல்லாமல்தான் பாதிப் பேர் "புதுசு மாட்டியும் ஒழுகுது" என்று வருகிறார்கள்.

சிங்க்கில் நட்டு நிற்கும் வகை, கீழே அங்கிள் வால்வும் ஹோஸும் இருக்கும் வகை என்றால் மேலே சொன்ன பயம் எதுவும் இல்லை, சுவரில் எதையும் திருகவேண்டியதில்லை. அங்கிள் வால்வைப் பூட்டி, ஹோஸைக் கழற்றி, அடியில் இருக்கும் நட்டை விட்டால் வந்துவிடும். ஹோஸ் நட்டுக்குள் ரப்பர் வோஷர் இருப்பதால் அங்கே ரேப் தேவையில்லை. வளவில் தனியாக நிற்கும் பைப்புக்கு வேறு பிரச்சினை: வெயில் பட்ட பிவிசி வருடங்கள் போகப்போக நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், மாடும் வந்து முதுகு தேய்க்கும். அதைத் தொடுமுன் பக்கத்தில் ஒரு தூண் நட்டுக் குழாயை இறுகக் கட்டுங்கள்.

தண்ணீரைத் திறக்கும்போது வால்வை மெதுவாகத் திறவுங்கள். பைப்பில் தண்ணீர் வரவில்லை, அல்லது இருமி இருமி வருகிறது என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது, தாங்கித் தண்ணீரில் இது சாதாரணம். பதிவான பைப்புகளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு பைப்பைப் பூட்டிவிட்டு, காய்ந்த ரிசுத் தாளை வால் சுவருக்குள் போகும் இடத்தில் சுற்றிவர ஒற்றிப் பாருங்கள், கைக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரியும். இரவு தாங்கியை நிரப்பிவிட்டுக் காலையில் இன்னொரு தடவை ஒற்றுங்கள். மெல்லிய கசிவு என்றால் சுண்ணாம்பு படிந்து தானாக அடைபடும் என்பார்கள். சில இடத்தில் அப்படி நின்றதும் உண்டு, ஆனால் சுவருக்குள் போகும் தண்ணீரை நம்பி விட்டுவைக்க மாட்டேன், கழற்றித் திரும்பச் சுற்றுவேன். வட்டத் தகட்டைச் சுற்றி வெள்ளைச் சீமெந்தோ சிலிக்கனோ பூசி அழகுபார்க்கவேண்டாம். உள்ளே கசிந்தால் வெளியே தெரிவதற்கு அந்த இடைவெளி ஒன்றுதான் இருக்கிறது.